காலடிக் கல்லிலிருந்து புவித்தட்டு வரை: நிலவியலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிலவியல் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பலர் பூமியைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படத்தில் தொடங்குகிறார்கள். மேலோடு, கவசம், கருவம் என்று மூன்று நிறங்கள். அடுத்த பக்கத்தில் அம்புக்குறி போட்ட தட்டுகள், அதற்கடுத்த பக்கத்தில் எரிமலை. பரீட்சைக்கு அது போதும். ஆனால் வெளியே போய் ஒரு மலையைப் பார்க்கும்போது அந்தப் படம் எதற்கும் உதவாது. படத்தில் இருக்கும் எதையும் நாம் தொட்டதில்லை என்பதுதான் காரணம்.

நான் சொல்லும் வரிசை தலைகீழானது. கைக்குக் கிடைக்கும் கல்லில் தொடங்கி, அது சிதைவதைப் பார்த்து, பிறகு அது எங்கே பிறந்தது என்று கேட்டு, கடைசியில் தட்டுகளுக்கும் நிலநடுக்கத்துக்கும் வரலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை மிகவும் பொருந்தும். நம் காலடியில் இருப்பது உலகின் மிகப் பழைய பாறைகளில் சேர்ந்தது. இங்கே எரிமலை புகைவதில்லை, பெரிய நிலநடுக்கமும் அடிக்கடி வருவதில்லை. ஆனால் அவையெல்லாம் முன்பு நடந்ததற்கான தழும்புகள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன.

தேவையானவை கொஞ்சம்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பதே போதும். ஒரு பேனாக்கத்தி, சிறு குப்பியில் வினிகர், கோடு போடாத நோட்டு. படம் எடுக்கும்போது கல்லின் பக்கத்தில் ஒரு நாணயம் வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில் அது கூழாங்கல்லா குன்றா என்று தெரியாது. சுத்தியலை இப்போதைக்கு வாங்க வேண்டாம். சாலை வெட்டிய இடத்திலும் கிணறு தோண்டிய இடத்திலும் உடைந்த கல் தாராளமாகக் கிடைக்கும். சின்னங்களிலும் கோயில்களிலும் ஒரு துணுக்குகூடப் பெயர்க்கக் கூடாது.

முதல் படி: ஒரு ஜல்லிக் கல்

வீடு கட்டும் இடத்தில் கொட்டியிருக்கும் முக்கால் ஜல்லியில் ஒன்றை எடுத்துக் கழுவுங்கள். கிரஷரில் புதிதாக உடைந்த முகம் அதில் இருக்கும். வெயிலில் வைத்து லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். லென்ஸைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஒரே நிறமாகத் தெரிந்த கல் பல துண்டுகளாகப் பிரியும். சாம்பல் நிறத்தில், உடைந்த கண்ணாடி போல ஒழுங்கில்லாமல் மின்னுவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, கல்லைத் திருப்பும்போது ஒரு கோணத்தில் மட்டும் தட்டையாகப் பளிச்சிடுவது ஃபெல்ட்ஸ்பார். கத்தி முனையால் கீறினால் ஏடு ஏடாக உரியும் கறுப்புத் துணுக்கு மைகா. மாதுளை முத்து நிறத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது கார்னெட். இந்த நான்கையும் பார்த்ததும் சொல்லிவிட முடிந்தால் அறிமுகப் பாடத்தில் பாதியைத் தாண்டிவிட்டீர்கள்.

இதற்கு நல்ல பள்ளிக்கூடம் ஊருக்கு ஊர் இருக்கும் கிரானைட் கடை. மெருகேற்றிய பலகையில் துகள்கள் தெளிவாகத் தெரியும். அங்கே எல்லாக் கல்லையும் கிரானைட் என்றுதான் விற்பார்கள். வியாபாரத்தில் அது வழக்கம். நீங்கள் துகளைப் பாருங்கள். துகள்கள் வரிவரியாக வளைந்து ஓடினால் அது அழுத்தத்தில் கசங்கிய நைஸ் வகை. காஷ்மீர் வொயிட் என்ற பெயரில் மதுரைப் பக்கத்திலிருந்து வரும் வெள்ளைக் கல்லில் கார்னெட் புள்ளிகளை எளிதாகப் பார்க்கலாம். துகளே தெரியாத கன்னங்கறுப்புக் கல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எரிமலைப் பகுதியில் அதற்குத் திரும்ப வருவோம்.

இரண்டாம் படி: சிதைவு

என்னைக் கேட்டால் நிலவியலில் எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகும், தாண்டிப் போகக் கூடாத பாடம் இதுதான். எரிமலையும் நிலநடுக்கமும் செய்தியாகின்றன. சிதைவுதான் நமக்குச் சோறு போடுகிறது. மண் என்பதே சிதைந்த பாறைதான்.

இப்போது வயல் ஓரத்தில் நெடுநாள் கிடந்த கல் ஒன்றைத் தேடுங்கள். அது உடைந்திருந்தால் வெளிப்புறம் பழுப்பு நிறத்தில் ஒரு தோலும், உள்ளே வெளிறிய புதுக்கல்லும் தெரியும். தோலின் பருமன் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். லென்ஸில் பாருங்கள். உள்ளே பளிச்சிட்ட ஃபெல்ட்ஸ்பார், தோலில் பால் போல மங்கி, கத்தியால் கீறினால் மாவாக உதிரும். கறுப்புத் துகளைச் சுற்றித் துருக்கறை. குவார்ட்ஸ் மட்டும் அப்படியே இருக்கும்.

நடந்தது இதுதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகிறது. அது ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. இரும்புள்ள கனிமங்கள் துருப்பிடிக்கின்றன. செம்மண்ணின் சிவப்பு அந்தத் துருதான். குவார்ட்ஸ் அமிலத்துக்கு மசியாமல் விடுபட்டு மணலாகிறது. ஆற்றில் மணலும் ஏரியில் வண்டலும் தனித்தனியே சேர்வதற்கு மூலகாரணம் இந்தப் பழுப்புத் தோலில் இருக்கிறது. கன்னியாகுமரி, மணவாளக்குறிச்சிக் கடற்கரைகளில் கறுப்பும் சிவப்புமாகக் கோடு போட்டிருக்கும் மணலும் இதே கதைதான். பாறை சிதைந்தபோது அழியாமல் தப்பிய இல்மனைட், கார்னெட், மோனசைட் போன்ற கனமான கனிமங்களை அலை சலித்துச் சலித்து ஒதுக்கியிருக்கிறது.

சிதைவை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் கொங்குப் பகுதியிலோ சேலம், தருமபுரிப் பக்கத்திலோ ஒரு திறந்தவெளிக் கிணற்றுக்குப் போங்கள். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவர் உள்ள கிணறாகப் பார்த்து, வெளியே நின்றே பாருங்கள். மேலே ஓரிரு அடி செம்மண். அதன் கீழ் சரளை. சில இடங்களில் வெள்ளையாகச் சுண்ணாம்பு உறைந்த சுக்கான். அதற்குக் கீழே இருப்பதுதான் விசேஷம்: பார்த்தால் பாறை, வரிகள்கூட அப்படியே இருக்கும், ஆனால் கடப்பாரை இறங்கும். பாறையின் உருவம் மாறவில்லை, உள்ளே இருந்த ஃபெல்ட்ஸ்பார் மட்டும் களிமண்ணாகிவிட்டது. அதற்கும் கீழே விரிசல் விட்ட பாறை, அடியில் வெடி வைத்து உடைத்த கெட்டிப் பாறை. தண்ணீர் பெரும்பாலும் அந்தச் சிதைந்த பாறையிலும் விரிசல்களிலும்தான் நிற்கிறது. போர்வெல் போடுகிறவர்கள் வெளியே வரும் தூளின் நிறத்தைப் பார்த்தே எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று சொல்வார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

மழை அதிகமான இடத்தில் இதே வேலை இன்னும் தூரம் போகிறது. களிமண்ணிலிருந்தும் சிலிக்கா கழுவிக்கொண்டு போய், இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சுகின்றன. அதுதான் செம்புரைக்கல். 1807-இல் பிரான்சிஸ் புக்கானன் இந்தக் கல்லுக்கு லேட்டரைட் என்று பெயர் வைத்ததும் கேரளத்தின் அங்காடிப்புரத்தில்தான். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் உச்சியில் கிடைக்கும் பாக்சைட், அலுமினியம் மிஞ்சிய பக்கம். நீலகிரியில் சிதைந்த மண் பல மீட்டர் கனத்துக்கு இருக்கிறது. பெருமழையில் அது நீரைக் குடித்துக் கனத்துச் சரிகிறது. மலைச்சரிவில் வீடு கட்ட நினைப்பவர்கள் சரிவை வெட்டிய இடத்தில் எத்தனை அடி மண், எங்கே பாறை என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாம் படி: உருண்டைப் பாறைகளின் கேள்வி

செஞ்சி மலைகளைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பது, இவ்வளவு உருண்டைக் கற்களை யார் கொண்டுவந்து அடுக்கியது என்பதுதான். யாரும் அடுக்கவில்லை. அவை நின்ற இடத்திலேயே உருண்டையானவை.

ஆழத்தில் உருவான பாறை மேலே வரும்போது அதன்மேல் இருந்த பாரம் குறைந்து விரிசல் விடுகிறது. நெடுக்கும் குறுக்குமாக ஓடும் விரிசல்கள் பாறையைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கின்றன. தண்ணீர் விரிசல் வழியே இறங்கி எல்லாப் பக்கத்திலிருந்தும் அரிக்கிறது. பெட்டியின் பக்கத்தில் ஒரு பக்கமாக அரிப்பு. விளிம்பில் இரண்டு பக்கமாக. மூலையில் மூன்று பக்கமாக. அதனால் மூலைதான் முதலில் போகும், மிஞ்சுவது உருண்டை. இது மண்ணுக்கடியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பிற்பாடு மண்ணை மழை கழுவிக்கொண்டு போனதும் உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அம்மணமாக நிற்கின்றன. மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் கிருஷ்ணர் வெண்ணெய்ப் பந்தும் இந்த வகைதான்.

மாமல்லபுரத்துக்குப் போனால் ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பிளவைப் பாருங்கள். அது பாறையில் இயற்கையாக இருந்த விரிசல். பல்லவச் சிற்பி அதை மறைக்கவில்லை, நாகர்கள் நீந்தும் ஆறாக்கிவிட்டான். பிறகு கடற்கரைக் கோயிலுக்கு நடந்து, கடலைப் பார்த்த முகத்தையும் ஊரைப் பார்த்த முகத்தையும் ஒப்பிடுங்கள். கடல் பக்கம் சிற்பங்களின் முகம் மழுங்கியிருக்கும். உப்புக் காற்று கல்லின் நுண்துளைகளில் புகுந்து, ஈரம் காய்ந்ததும் உப்புப் படிகம் வளர்ந்து, துகளைத் துகளிடமிருந்து நெம்பிவிடுகிறது. தொல்லியல் துறை காகிதக் கூழைச் சுவரில் அப்பி உப்பை உறிஞ்சி எடுப்பதும், சவுக்குத் தோப்பு வளர்த்ததும் இதற்காகத்தான்.

மதுரை யானைமலை இன்னொரு பாடம். அங்கே விரிசல்கள் பெட்டியாக இல்லை, மலையின் மேற்பரப்புக்கு இணையாக ஓடுகின்றன. பாறை தகடு தகடாக உரிந்து மலை வழவழப்பாக நிற்கிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும்தான் பாறையை உரிக்கின்றன என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அதற்கும் பங்கு உண்டு, ஆனால் பாரம் நீங்கியதாலும் தண்ணீராலும் நடக்கும் வேலைதான் பெரியது.

நான்காம் படி: மூன்று வகைப் பாறையை ஊர்களாக நினைவில் வைப்பது

தீப்பாறை (குழம்பு உறைந்தது), படிவுப்பாறை (மணலும் சேறும் படிந்து இறுகியது), உருமாறிய பாறை (வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறியது) என்று மனப்பாடம் செய்வதைவிட ஊர்களோடு சேர்த்துக்கொள்வது நல்லது. தீப்பாறையை ஏழாம் படியில் எரிமலையோடு பார்ப்போம்.

படிவுப்பாறைக்கு அரியலூர், பெரம்பலூர். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. சுருள் சங்கு போன்ற அம்மோனைட்டுகள் அந்தக் கடலில் நீந்தியவை. டைனோசர்கள் அழிந்த காலத்தில் அவையும் அழிந்தன. காரை கிராமத்துக்குப் பக்கத்தில் மழை அரித்த மேடுபள்ளங்களில் கடலடிச் சேறு இன்றைக்கும் சேறாகவே தெரிகிறது. இங்கேதான் வினிகர்க் குப்பிக்கு வேலை. சுண்ணாம்புக்கல்லைக் கத்தியால் சுரண்டி, அந்தத் தூளில் ஒரு சொட்டு விடுங்கள், நுரைக்கும். அரியலூர்ச் சுற்றுவட்டாரத்து சிமென்ட் ஆலைகள் அரைப்பது அந்தப் பழைய கடலின் சுண்ணாம்பைத்தான். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. அணை இருக்கும் சாத்தனூர் வேறு. இது பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர், குழப்பிக்கொள்ள வேண்டாம். விழுப்புரம் பக்கத்தில் திருவக்கரைக் கல்மரங்கள் இதைவிட மிகவும் இளையவை. இரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். பார்க்கலாம், எடுக்கக் கூடாது.

உருமாறிய பாறைக்கு உள்நாட்டு மாவட்டங்கள் பெரும்பாலானவை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் உள்ள அனார்த்தோசைட் நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. அதை அரைத்துத்தான் இஸ்ரோ சந்திரயான் சோதனைகளுக்கு நிலா மண் தயாரித்தது. சேலம் கஞ்சமலையில் காந்தக்கல் பட்டைகள் இருக்கின்றன. நூலில் கட்டித் தொங்கவிட்ட சிறு காந்தம் கொண்டு போனால் போதும், பாறை இழுப்பது தெரியும்.

ஐந்தாம் படி: ஆழம்

சென்னையில் இருப்பவர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. பரங்கிமலையும் பல்லாவரமும் உலக நிலவியலாளர்கள் பெயர் தெரிந்து வைத்திருக்கும் இடங்கள். கல்கத்தாவில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இந்தப் பகுதிக் கல்தான் பதிக்கப்பட்டிருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 1893-இல் அதை வைத்து இந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் சூட்டினார். உலகில் எங்கே இந்த வகைப் பாறை கிடைத்தாலும் பரங்கிமலைக் கல்லோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் சொல்கிறார்கள்.

புதிதாக உடைந்த துண்டை ஈரப்படுத்திப் பாருங்கள். கருமை கலந்த பச்சை, எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம், குவார்ட்ஸ்கூட நீலச் சாம்பலாக இருக்கும். இதில் மைகா குறைவு; அதற்குப் பதில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருக்கிறது. காரணம் எளிது. மைகாவின் கட்டமைப்பில் தண்ணீர் உண்டு, ஹைப்பர்ஸ்தீனில் இல்லை. பாறை 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்தபோது தண்ணீர் வெளியேறிவிட்டது. சென்னைச் சார்னோக்கைட்டின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். அத்தனை ஆழத்தில் உண்டான கல் இன்று விமான நிலையத்துக்கு எதிரே வெயிலில் நிற்கிறது என்றால், அதன்மேல் இருந்த பாறையெல்லாம் எங்கே போயிற்று? இரண்டாம் படியில் பார்த்த பழுப்புத் தோல்தான் விடை. மலை உயர, உயர்ந்ததை மழை கரைக்க, பாரம் குறைந்து மறுபடி உயர, கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படியே போயிருக்கிறது. பரங்கிமலை ஒரு பெரிய மலைத்தொடரின் அடிவேர்.

அப்படியானால் அந்த மலைத்தொடரை எழுப்பியது யார்? இந்தக் கேள்வியோடுதான் தட்டுகளுக்குள் போக வேண்டும்.

ஆறாம் படி: தட்டுகள்

பூமியின் மேலோடும் கவசத்தின் இறுகிய மேற்பகுதியும் சேர்ந்து சுமார் நூறு கிலோமீட்டர் கனமுள்ள துண்டுகளாக இருக்கின்றன. அவைதான் தட்டுகள். கீழே இருப்பது உருகிய கடல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலோர் இங்கேதான் தடுமாறுவார்கள். கவசம் திடப்பொருள்தான். ஆனால் அந்த வெப்பத்தில், நீண்ட காலத்தில், கெட்டியான தார் போல மெல்ல வழிகிறது. தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. இந்தியா வடகிழக்கு நோக்கிச் சுமார் 5 சென்டிமீட்டர் போகிறது.

கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரட் வெக்னர் 1912-இல் சொன்னபோது, எது நகர்த்துகிறது என்பதற்கு அவரிடம் விடை இல்லை. நிலவியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. 1950-களில் மேரி தார்ப் அட்லாண்டிக் அடித்தளத்தின் ஆழ அளவுகளை வரைபடமாக்கியபோது, நடுக்கடல் மலைத்தொடரின் முதுகில் நீளமான பள்ளம் ஓடுவது தெரிந்தது. புதிய கடல்தரை அங்கேதான் பிறக்கிறது. கடல்தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பாறை அநேகமாக இல்லை. பழையது வேறொரு தட்டின் அடியில் நுழைந்து கவசத்துக்குத் திரும்புகிறது. 250 கோடி ஆண்டுச் சார்னோக்கைட் கண்டத்தில் பிழைத்திருப்பதற்கும், கடலில் அப்படி எதுவும் இல்லாததற்கும் காரணம் அடர்த்தி. கண்டப் பாறை இலேசானது, எளிதில் அமிழாது.

இங்கே குமரிக்கண்டம் பற்றிக் கட்டாயம் கேள்வி வரும், நேராகவே பதில் சொல்லிவிடலாம். லெமூரியா என்ற மூழ்கிய நிலத்தை 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் கற்பனை செய்தது, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் எப்படி வந்தன என்பதை விளக்க. கண்டங்களே நகரும் என்று தெரிந்த பிறகு அந்த விளக்கத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலின் தரை, கடலில் பிறந்த பசால்ட், அதாவது குழம்பு உறைந்த கறுப்புப் பாறை. அங்கே மூழ்கிய கண்டம் இல்லை. ஆனால் கடல் நிலத்தை விழுங்கியது பொய்யல்ல. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. அப்போது ராமேசுவரத்துக்கும் இலங்கைக்கும் நடுவே நிலம் இருந்தது. குமரிமுனைக்கு அப்பாலும் கரை நீண்டிருந்தது. கடல்கோள் நினைவுகளைத் தேடுபவர்கள் கண்டத்தை விட்டுவிட்டு இந்தக் கரையோரத்தைத் தேடினால் பயன் உண்டு என்பது என் கருத்து.

நம் கிழக்குக் கரை ஒரு காலத்தில் கரையே அல்ல. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை அதற்கு எதிரே அண்டார்க்டிகா ஒட்டியிருந்தது. இலங்கையிலும் அண்டார்க்டிகாவிலும் சார்னோக்கைட் கிடைப்பது தற்செயல் அல்ல. பிளந்தபோது உண்டான பள்ளத்தில் கடல் புகுந்து அரியலூர் வரை வந்தது. பிறகு இந்தியா வடக்கே விரைந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதி இமயமலையை எழுப்பத் தொடங்கியது. அந்த மோதல் இன்னும் முடியவில்லை.

ஏழாம் படி: எரிமலை, சுருக்கமாக

இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றுதான்: போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டரில் பேரன் தீவு (Barren Island). 1787-இல் வெடித்ததற்குப் பதிவு உண்டு. நெடுநாள் தூங்கி 1991-இல் மறுபடி விழித்தது. இந்தியத் தட்டின் கடல்தரை அந்தமானின் அடியில் நுழையும்போது கூடவே தண்ணீரைக் கொண்டுபோகிறது. தண்ணீர் சேர்ந்தால் கவசப் பாறையின் உருகுநிலை குறைகிறது. உருகியது மேலே ஏறுகிறது. தக்காண பீடபூமியின் பசால்ட் இதிலிருந்து வேறுபட்டது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளவுகளின் வழியே வழிந்து பரவிய குழம்பு அது.

தமிழ்நாட்டில் எரிமலைக் கூம்பைத் தேட வேண்டாம். அதன் குழாய்களைத் தேடுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, விழுப்புரம் பகுதிகளில் வெளிறிய பாறையை வெட்டிக்கொண்டு நேர்கோட்டில் ஓடும் கறுப்புச் சுவர்கள் உண்டு. ஆழத்திலிருந்து விரிசலில் ஏறி உறைந்த டோலரைட் அவை. கிரானைட் கடையில் பார்த்த கன்னங்கறுப்புக் கல் பெரும்பாலும் இதுதான். துகள் ஏன் தெரியவில்லை என்றால், குறுகிய விரிசலில் சீக்கிரம் ஆறியதால் படிகம் வளர நேரமில்லை.

எட்டாம் படி: நிலநடுக்கச் செய்தியைப் படிப்பது

இந்தப் படிக்கு வெளியே போக வேண்டியதில்லை. தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் தளத்தையோ அமெரிக்கப் புவியியல் அளவாய்வுத் துறையின் தளத்தையோ திறந்து, ஒரு நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு விவரங்களைப் பாருங்கள்.

முதலில் அளவு. பத்திரிகைகள் இன்றும் ரிக்டர் என்றுதான் எழுதுகின்றன; பெரிய நிலநடுக்கங்களுக்கு இப்போது பயன்படுவது திருப்புத்திறன் அளவு. பிளவின் பரப்பையும் அது நழுவிய தூரத்தையும் வைத்துக் கணக்கிடுவது. அளவு ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு, இரண்டு கூடினால் ஆயிரம் மடங்கு. ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் இவ்வளவு தூரம்.

அடுத்து ஆழம். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர்ப் பகுதியைத் தாக்கியது 6.2 அளவுதான். ஆனால் மிகக் குறைந்த ஆழம், கனமான கல்லும் மண்ணும் வைத்த வீடுகள், எல்லாரும் உறங்கும் நேரம். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். தட்டின் விளிம்பிலிருந்து வெகுதூரத்தில், பாதுகாப்பு என்று நினைத்த பழம்பாறையில் நடந்தது அது.

மூன்றாவது, தூரம். நிலநடுக்கம் இரண்டு அலைகளை அனுப்புகிறது. முதலில் வரும் அலை நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர், இரண்டாவது 3.5 கிலோமீட்டர். முதல் அதிர்வுக்கும் பலத்த ஆட்டத்துக்கும் இடையில் எத்தனை நொடி என்று எண்ணி எட்டால் பெருக்கினால், கிலோமீட்டரில் தூரம் தோராயமாகக் கிடைத்துவிடும். பத்து நொடி என்றால் 80 கிலோமீட்டர். ஒரே நிலையத்தில் தூரம் மட்டும்தான் தெரியும்; மூன்று நிலையங்களில் இருந்து வட்டம் போட்டால் மூன்றும் வெட்டும் இடம் மேல்மையம், அதாவது நடுக்கம் தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே தரையில் உள்ள புள்ளி.

நான்காவது, பிளவு எந்தப் பக்கம் நழுவியது என்பது. புதியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கடற்கரைக்காரர்களுக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை. 2004 டிசம்பர் 26 காலை 6.28-க்குச் சுமத்ராவின் வடக்கிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு கிழிந்தது. அளவு 9.1. மேல்தட்டு துள்ளி எழுந்து கடல்தரையை உயர்த்தியது, அதோடு மேலிருந்த தண்ணீர் முழுதும் உயர்ந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அலை சென்னையில் இருந்தது. நாகப்பட்டினம் தமிழ்நாட்டிலேயே அதிகம் இழந்தது. 2012 ஏப்ரல் 11-இல் அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் இன்னொன்று. சென்னையில் கட்டடங்களை விட்டு மக்கள் வெளியே ஓடினார்கள், கரையில் எச்சரிக்கை விடுத்தார்கள். பெரிய அலை வரவில்லை. அங்கே பிளவின் இரு பக்கங்களும் கிடைமட்டமாக உரசி நழுவின, கடல்தரை அதிகம் உயரவில்லை. எச்சரிக்கை பொய்த்தது என்று அன்று பேசியவர்கள் உண்டு. அப்படிப் பேசுவது ஆபத்து. எந்தப் பக்கம் நழுவியது என்பது உறுதியாகும்வரை மேட்டுக்குப் போவதுதான் சரி. ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்தின் அறிவிப்பைப் பின்பற்றுங்கள். நம் கரையில் சுமத்ராவின் அதிர்வு பலருக்கு உறைக்கவே உறைக்காது, ஆகவே நிலம் ஆடவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. அந்தமானில் இருந்தால் அதிர்வே எச்சரிக்கை. அறிவிப்புக்குக் காத்திருக்காமல் ஏற வேண்டும்.

நம் மண்ணில் வந்தவையும் உண்டு. 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவில் ஒன்று. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அருகே கடலில் 5.5 அளவில் ஒன்று. நிலநடுக்க ஆபத்தை மண்டலங்களாகப் பிரித்துக் காட்டும், 2002-இல் திருத்திய இந்தியத் தர நிர்ணய வரைபடத்தில் சென்னை, ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது.

வீடு கட்டுபவர்களும் அடுக்குமாடி வாங்குபவர்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. 2001 ஜனவரி 26-இல் புஜ் நிலநடுக்கத்தின்போது 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்களை மட்டும் விட்டுக் கட்டியவை அவற்றில் பல. மேலே சுவர்கள் இறுக்கமாகப் பிடித்திருக்க, ஆட்டம் முழுதும் கீழ்த்தூண்களில் விழுந்தது. நம் ஊர்களில் அதே அமைப்பு தெருவுக்குத் தெரு இருக்கிறது. தூணுக்குக் கம்பி கட்டும் நாளில் நேரில் போய் ரிங்கை, அதாவது நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையத்தைப் பாருங்கள். அதன் இரு முனைகளும் தூணின் உட்புறம் நோக்கி, காங்கிரீட்டுக்குள் புதையும்படி 135 டிகிரிக்கு மடங்கியிருக்க வேண்டும். வெறும் செங்கோணத்தில் மடித்திருந்தால் ஆட்டத்தில் ரிங் விரிந்து தூண் பிதுங்கிவிடும். தூணின் அடியிலும் தலையிலும் ரிங்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும், நடுவில் சற்று இடைவெளி விடலாம். காங்கிரீட் போட்ட பிறகு இதைச் சரிபார்க்க வழியில்லை.